செத்தால்தான் மாற்றித் தருவார்களாம்

கூக்கால் பாதையின் ஒவ்வொரு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்த என் அப்பாவுக்கு,

உங்கள் ஜீப்பில், உங்கள் இருக்கையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தலைக்கு மேலே சின்ன விளக்கு எரிகிறது. முன்விளக்குகளும் எரிகின்றன. வெளிச்சம் வீட்டுப் பக்கம் தெரிந்துவிடக் கூடாது என்று இரண்டு பூண்டுச் சாக்குகளை அவற்றின்மேல் தொங்கவிட்டிருக்கிறேன். அம்மா, அக்கா, மாமா மூன்று பேரும் தூங்குகிறார்கள். நான் போர்வைக்குள் தலையணையை வைத்துவிட்டு வந்தேன்.

பயமாக இருக்கிறது அப்பா. உங்கள் ஜீப்பின் பேட்டரியை இன்று ராத்திரி நான் சாகடிக்கப் போகிறேன். ஏன் என்று உங்களிடம் மட்டுமாவது சொல்லிவிட வேண்டும்.

அக்கா நிறைமாதமாக இருக்கிறாள். நீங்கள் எங்களை விட்டுப் போனபோது அவளுக்குக் கல்யாணப் பேச்சுதான் நடந்துகொண்டிருந்தது. "பய நல்லாத்தான் ஓட்டுறான், கிளட்ச்சத்தான் கொஞ்சம் தேய்க்கிறான்" என்று சொன்னீர்களே, அந்த முருகேசன் மாமாவையே கட்டிக்கொண்டாள். அவர் இப்போது நம் வீட்டோடுதான் இருக்கிறார். ஜீப்பையும் அவர்தான் சவாரிக்கு ஓட்டுகிறார்.

குழந்தை கால் கீழே வருகிற மாதிரித் திரும்பியிருக்கிறதாம். நர்ஸ் வந்து அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் வலி வந்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, அந்த நிமிஷமே கிளம்பிவிட வேண்டும் என்றார். எதில் கிளம்புவது? கடைசி பஸ் போய்விட்டால் மறுநாள் காலைதான். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டுமென்றால் சிக்னலுக்காக ஏரிக்கரை மேட்டுக்கு ஓட வேண்டும். கூப்பிட்டாலும் இந்த மூடுபனியில் அது இவ்வளவு தூரம் வந்து, திரும்பவும் அதே பாதையில் போக வேண்டும். ஆக, உங்கள் ஜீப்பைத்தான் நம்பியிருக்கிறோம்.

அந்த ஜீப் காலையில் முனகுகிறது.

பனி விழத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். மாமா சாவியைத் திருப்பினால் ஒரு பெருமூச்சு, ஒரு இழுப்பு, பிறகு கொஞ்சம் யோசித்து இன்னொரு இழுப்பு. அந்த நேரத்தில் மீட்டர் பக்கத்து விளக்கெல்லாம் மங்கிப்போய் விடுகிறது. மாமா பேட்டரி முனையில் படிந்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். வயரை முறுக்கி இறுக்கினார். இரண்டு நாள் ஒழுங்காக எடுத்தது. மூன்றாம் நாள் பழையபடி அதே முனகல். ஆனால் ஒருமுறை எடுத்துவிட்டால் போதும், நாள் முழுக்க எந்தக் குறையும் இல்லை. பத்து மணிக்குமேல் தொட்டால் கிளம்புகிறது. அதனால்தான் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் இருந்தபோதும் சில நாள் இப்படி மக்கர் பண்ணியிருக்கிறது. நீங்கள் மேலே ரோட்டோரமாக, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தியிருப்பீர்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டால் உருண்டு பிடித்துக்கொள்ளும். இப்போது அக்கா படியேறக் கூடாது என்று மாமா ஜீப்பை வீட்டு வாசலுக்கே இறக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பாசத்தில் செய்கிறார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கிருந்து ரோட்டுக்குப் போக ஏற்றம். மேட்டில் ஜீப்பை யார் தள்ளுவது? அம்மாவும் நானுமா?

போன சனிக்கிழமை மாமா வத்தலக்குண்டுக்குப் பேட்டரி கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். நாங்கள் போய்ச் சேரும்போது உச்சி வெயில். மலையிலிருந்து இறங்கி ஓடி வந்த வண்டி, சூடாக இருந்தது. கடைக்காரர் ஒரு மீட்டரைப் பேட்டரியில் மாட்டினார். முள் பச்சைப் பக்கம் போய் நிம்மதியாக நின்றது.

"நல்லா ஜம்முனு இருக்கே தம்பி. இதுக்கு என்ன கேடு?" என்றார்.

"காலைல மொனகுதுண்ணே" என்றார் மாமா.

"பனியில எல்லாந்தான் மொனகும். எம்பொண்டாட்டிகூட மொனகுவா. அவள மாத்த முடியுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டார்.

"ஒனக்கு வாரண்டி இன்னும் கெடக்குல்ல. கம்பெனிக்காரன் செத்த பேட்டரிக்குத்தான் வேற தருவான். உசுரோட இருக்குறத நான் எப்படி மாத்தித் தர? சாகட்டும். செத்த அன்னைக்குத் தூக்கிட்டு வா, கையோட புதுசு தாரேன்."

"அண்ணே, எங்க ஊருக்குக் காலைல வந்து பாத்தீங்கன்னா தெரியும்" என்றேன் நான்.

"ஒங்க ஊருக்குக் காலைல வந்தா பேட்டரிக்கு முன்னாடி நான்ல போயிருவேன் பாப்பா" என்றார். மறுபடியும் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் காலையில் மட்டும்தானே அப்பா மூச்சு வாங்கியது? வண்டியில் ஏறுவதற்கு முன்னால் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பீர்கள். பிறகு நாள் முழுக்கக் கொடைக்கானலுக்கும் மன்னவனூருக்கும் ஓட்டுவீர்கள், ஒன்றும் இருக்காது. உங்களைக் கீழே டாக்டரிடம் காட்டியதும் ஒரு மத்தியான நேரம்தான். "இப்ப நல்லாத்தான இருக்கீங்க, அடுத்த தடவ வரும்போது பாத்துக்குவோம்" என்று அனுப்பிவிட்டார்கள். நாமும் சந்தோஷமாகப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு மலையேறி வந்தோம். அந்த அடுத்த தடவைக்கு நீங்கள் இல்லை. கீழே போனால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே காலையில் என்ன நடக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பேச்சை எடுத்தேன். "மாமா, வாரண்டி போனாப் போகுது. புதுசு ஒண்ணு போட்டுருங்களேன்."

"ஏ புள்ள, உசுரோட இருக்குற பேட்டரியத் தூக்கிப் போடச் சொல்றியா? நான் வெள்ளனே எந்திரிச்சுத் தெனமும் கெளப்பி வச்சுக்கிறேன். திங்கக்கெழமைதான் போகப்போறோம்ல."

"அதுக்கு முன்னாடி ராத்திரில வலி வந்து, வண்டி எடுக்கலைன்னா?"

அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். "புள்ளத்தாச்சி இருக்குற வீட்ல என்ன பேச்சுடி பேசுற? வண்டி நின்னுரும், அது இதுன்னு. ஒன் வாயில வெளக்குமாத்த வைக்க. இனி அந்தப் பேச்ச எடுத்த, பாரு."

அத்தோடு அந்தப் பேச்சு வீட்டில் நின்றுபோனது. காலையில் ஜீப் முனகும்போது அம்மா அடுப்பையே பார்க்கிறார். அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். பிடித்துக்கொண்டதும் எல்லோரும் வேறு எதையோ பேசத் தொடங்குகிறோம்.

இன்று காலை அது நான்கு முறை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவைதான் எடுத்தது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க எனக்கு எந்தப் பாடமும் ஏறவில்லை. அப்போதுதான் இந்த யோசனை வந்தது. செத்தால்தான் மாற்றித் தருவார்கள் என்றால், அது நாம் சொல்கிற நாளில் சாகட்டும். வலி வரும் ராத்திரியில் சாவதற்குப் பதிலாக, நாளைக் காலை சாகட்டும். விளக்கை எரியவிட்டால் விடியும்போது சுத்தமாக இறங்கிப்போயிருக்கும். மாமா அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் போய், சாயங்காலத்துக்குள் புதிதோடு வந்துவிடுவார். நான் செய்தேன் என்று யாருக்கும் தெரியாது.

சரியாகத்தானே யோசித்திருக்கிறேன்? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அப்பா, விளக்கு மங்குகிறது.

இவ்வளவு சீக்கிரம் மங்கும் என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கடிதத்தில் பாதிகூட எழுதவில்லையே. முதலில் கண் கூசுகிறது என்று நினைத்தேன். இல்லை, தாள் மஞ்சளாகத் தெரிகிறது. இறங்கிப்போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். முன்விளக்கு இரண்டும் அணையப் போகும் கங்கு மாதிரி இருந்தன. அவை இரண்டையும் அணைத்துவிட்டேன், எழுத இந்த மங்கலான சின்ன விளக்கு மட்டும்தான். மாமா சாவியை வண்டியிலேயேதான் விட்டு வைக்கிறார். திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நல்ல பேட்டரி என்றால் விடியும் வரையாவது தாங்கியிருக்கும். இது தாங்கவில்லை. நான் சொன்னதுதான் சரி. ஆனால் அது சரியென்று தெரிந்து எனக்கு இப்போது என்ன லாபம்? இந்த நிமிஷத்திலிருந்து விடியும் வரை அக்காவுக்கு வண்டியே கிடையாது. அந்த வண்டியைப் பிடுங்கியது நான். ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். வலி அந்த ஒரு ராத்திரியில் வராது என்று யார் எனக்குச் சொன்னது?

மேல் தெருவில் மூட்டை போடும் சத்தம் கேட்கிறது. ராசு அண்ணன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றுகிறார். அவருடைய பிக்கப் போய்விட்டால் ஊரில் வேறு வண்டி இல்லை.

போய் மாமாவை எழுப்புகிறேன் அப்பா.

*

திரும்பி வந்துவிட்டேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், வண்டி அதிர்கிறது.

கதவைத் தட்டியதும் மாமா, "என்ன, அக்காவுக்கா?" என்றுதான் எழுந்தார். இல்லை மாமா, வண்டிக்கு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தானாக இறங்கிவிட்டது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

"கிறுக்காடி ஒனக்கு?" என்று கத்தினார். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அந்தச் சத்தத்தில் அக்கா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

மாமா சாவியைத் திருப்பிப் பார்த்தார். டிக். இன்னொரு தரம் திருப்பினார். டிக். பிறகு என்னைப் பார்த்து, "எப்பப் போட்ட லைட்ட?" என்றார். நீங்க படுத்ததுக்கப்புறம்தான் என்றேன். அவர் இறங்கிப் போய் முன்விளக்கில் தொங்கிய சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இப்பத்தான படுத்தேன்" என்றார். "அதுக்குள்ளயா?"

ஓங்கிய கை அம்மாவுக்குக் கீழே இறங்கிவிட்டது. "நானும் தெனம் அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான மாப்பிள எந்திரிக்கேன்" என்றார். "சொன்னா பலிச்சிருமோன்னு வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்." அம்மா அழுதார் அப்பா. உங்களுக்குப் பிறகு அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நான் மேல் தெருவுக்கு ஓடினேன். ராசு அண்ணன் கடைசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். "ஏ புள்ள, இந்நேரத்துல பேயாட்டம் வந்து நிக்கிற" என்று திட்டினார். நான் காரணத்தைச் சொன்னதும் கேரட்டோடு பிக்கப்பை நம் வாசலுக்கே இறக்கிக்கொண்டு வந்தார். பிக்கப்பின் பேட்டரியிலிருந்து நம் பேட்டரிக்கு வயர் போட்டார்கள். மாமா சாவியைத் திருப்பினார், உடனே பிடித்துக்கொண்டது.

"முருகேசா, அணைச்சிராத. அணைச்சா திரும்ப எடுக்காது, நான் இங்க இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ராசு அண்ணன் கிளம்பினார்.

மாமா அக்காவைப் பார்த்தார். "திங்கக்கெழம என்னத்துக்கு? இது ஓடும்போதே போயிருவோம். வெரசாக் கெளம்பு."

"எனக்கு வலியே இல்லையேங்க" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "எம்புள்ள வந்து எழுப்புறதுக்கு முன்னாடியே சித்திக்காரி ஊர எழுப்பிட்டா" என்றாள். சிரித்தாள். ஆனால் கதவுநிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அம்மா துணிகளை எடுத்து வைக்கிறார். மாமா டார்ச்சோடு ஏற்றத்தில் கிடக்கும் கற்களை ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். போவதற்கு முன் என்னை உங்கள் இருக்கையில் உட்காரவைத்து, "ஆக்சிலேட்டர லேசா மிதிச்சுக்கிட்டே இரு புள்ள. குளிருக்கு நின்னுரும்" என்றார். விளக்கு வெள்ளையாக எரிகிறது. நோட்டை ஸ்டியரிங்கின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே பனி அடைத்துக் கிடக்கிறது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கினாலும் காலை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன்.

அக்கா வெளியே வருகிறாள். மெதுவாகத்தான் நடக்கிறாள்.

வரட்டும் அப்பா, அவசரமே இல்லை. அவள் ஏறி உட்கார்ந்து, மாமா வந்து இந்த இடத்தை வாங்கிக்கொள்ளும் வரை நான் இந்த மிதியிலிருந்து காலை எடுக்க மாட்டேன்.

உங்கள் சின்ன மகள்,
பிறக்கப்போகும் உங்கள் பேரப்பிள்ளைக்குச் சித்தி.