பஞ்சுவுக்குப் பிரசவம்

மே 11, 1984, வெள்ளி

காலையிலேயே மூடுபனி. கடை வாசலில் இருந்து ஏரி தெரியவில்லை. சீசன் கூட்டம். யூகலிப்டஸ் தைலம் நல்ல விற்பனை.

பஞ்சு சோற்றைத் தொடவில்லை. பழைய துணியைக் கிளறிக்கொண்டே இருக்கிறாள். பிரசவம் நாளைக்கு இருக்கும். எனக்கு வேலையே ஓடவில்லை.

போன வாரம் சேலம் கால்நடை டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்னது: குட்டி ஒன்றுதான். தலை பெரிது. பொமரேனியனுக்கு இடுப்பெலும்பு குறுகல். முக்கியும் வராவிட்டால் உடனே மலையிறங்கிச் சேலத்துக்குக் கொண்டுவர வேண்டும். முழங்கால் சில்லு நழுவுவது, வறட்டு இருமல், பல் ஆடுவது எல்லாம் இந்த ஜாதிக்குச் சகஜமாம்.

என் வீட்டுக்காரர், இவர் கேட்டுவிட்டு, "கையளவு நாய்க்கு ஒரு ஆஸ்பத்திரி நெறையச் சீக்கு இருக்குதே" என்றார்.

மே 12, சனி

இப்போதுதான் வீடு திரும்பினோம். எழுத்து கோணல்.

விடிந்ததில் இருந்து முக்கினாள். குட்டி வரவில்லை. கண் சொருகிவிட்டது. "ஏனுங்க, பஞ்சு போயிருவாளாட்ட இருக்குதுங்க" என்றேன். இவர் எழுந்தார். கடையைச் சாத்தினார். சீசன் சனிக்கிழமை, இவர் கடையைச் சாத்தினார்.

பிஸ்கட் பெட்டியில் பஞ்சு. பஸ்ஸில் கண்டக்டர், "நாயெல்லாம் ஏத்தப்படாதுங்க" என்றார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். விசில் அடித்தார்.

ஒவ்வொரு வளைவிலும் பஞ்சு முனகல். அடிவாரம் வருவதற்குள் ஒரு பெரிய குலுக்கல், ஒரு வீறிடல். குட்டி என் மடியில். பனிக்குடப் பை கிழியாமல், அசைவில்லாமல். நகத்தால் பையைக் கிழித்தேன். முன்சீட்டில் இருந்த மாரமங்கலம் ஊர்க்காரர் ஒருவர் தன் துண்டை நீட்டினார். தேய்த்தேன், தேய்த்தேன். டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"உசுரு இருக்குதுங்களா அம்மிணி?" என்று திரும்பிப் பார்த்தார்.

இன்னும் தேய்த்தேன். அப்புறம் குட்டி வாயைத் திறந்தது. எலிக்குஞ்சு சத்தம். பஸ் முழுக்கச் சிரிப்பு. இவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

டாக்டர்: தாய் தேறிவிட்டாள். இனிமேல் ஈனவிடக் கூடாது. குட்டி பொடிசு, பால் தவறினால் உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும், கவனம்.

மே 13, ஞாயிறு

நல்ல மழை. குட்டி குடிக்கிறது. ஆண். வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "நொம்ப அழகுங்க" என்கிறார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தைலத்துக்குக் காசு வாங்க இரண்டு தரம் மறந்தேன்.

மே 15, செவ்வாய்

மத்தியானம் பெட்டியில் கை வைத்தால் குட்டி சில்லென்று கிடக்கிறது. தலை துவண்டுவிட்டது. பஞ்சு நக்கி நக்கிப் பார்க்கிறாள்.

குளூக்கோஸைக் குழைத்து ஈறில் தடவினேன். இவர் சட்டை பட்டனை அவிழ்த்து, குட்டியை நெஞ்சோடு வைத்துப் போர்த்திக்கொண்டார். மறுபடி தடவினேன். மறுபடி. "இருடா சாமி, இருடா சாமி" என்கிறார், வேறு பேச்சே இல்லை.

முதலில் நாக்கு அசைந்தது. பிறகு என் விரலைச் சப்பியது. இப்போது பஞ்சுவிடம் முட்டி முட்டிக் குடிக்கிறது, இவர் பெட்டி பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறார், கடையில் யாரோ கூப்பிடுகிறார்கள், இரண்டு பேரும் எழுந்திருப்பதாக இல்லை.