அத்தாயியின் பதிவு

ஜூன் 3
நர்ஸ் பையோடு மலைமேல் திருப்புலி நாட்டு ஊர்களில் இன்று நான்கு கர்ப்பிணிகளைப் பார்த்தேன். டேப்லெட்டில் ஏற்றியதெல்லாம் அதிலேயே கிடக்கிறது. சிக்னல் கிடைக்கும் மலைப்பாதை வளைவுக்குப் போனால்தான் சர்வருக்குப் போகும். அத்தாயிக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. பிரஷர் சரியாக இருக்கிறது.

ஜூன் 7
வளைவில் நின்று அனுப்பினேன். மூன்று பதிவுக்கு அதே தொல்லை: 'இதை வேறொருவர் மாற்றியுள்ளார். உங்களுடையதை வைக்கவா, சர்வரில் உள்ளதை வைக்கவா?' போன மாதம் 'சர்வரில் உள்ளது' அழுத்தி, இரண்டு நாள் உழைப்பு காணாமல் போய், மீட்டிங்கில் திட்டு வாங்கியது நான்தான். வீடு வீடாக நடப்பவள் நான். உட்கார்ந்த இடத்திலிருந்து மாற்றுகிறவர்களுக்கு என்ன தெரியும்? மூன்றிலும் 'என்னுடையது' அழுத்தினேன். மழை வந்துவிட்டது, படித்துப் பார்க்கவில்லை.

ஜூன் 16
அத்தாயி செத்துப்போனாள். வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்து, பின்னாலேயே வலிப்பு. ஆம்புலன்ஸ் மலை இறங்கி முடிப்பதற்குள் போய்விட்டாள்.

ஜூன் 17
ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ராதிகா கூப்பிட்டார். ஐந்தாம் தேதி அத்தாயி அவரிடம் போயிருக்கிறாள். பிரஷர் 150. மாத்திரை கொடுத்து, பன்னிரண்டாம் தேதி வண்டி அனுப்பிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று ஏற்றியிருக்கிறார். சர்வரில் இருக்கும் பதிவைப் பார்த்துத்தான் வண்டி போகும். இப்போது சர்வரில் இருப்பது என்னுடைய மூன்றாம் தேதிப் பதிவு.

நான்தான். அடிப்பாவி, நான்தானே அழிச்சேன்?

ஜூன் 22
விசாரணை. மேலதிகாரி வெங்கிடுசாமி, சர்வர் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடும்மா என்றார். கொடுத்துவிட்டேன். கையெழுத்துகூடக் கோணவில்லை.

ஜூன் 29
தூக்கமில்லை.

ஜூலை 30
அத்தாயியின் கணவர் சென்றாயன் குழந்தையை ஒன்றரை மாத ஊசிக்குத் தூக்கி வந்தார். "வண்டி வரும்னு நாலு நாளா வாசல்லயே உக்காந்திருந்தாளுங்க. நீங்க ஒருத்தர்தான் ஊடு தேடி வந்து பாத்தீங்க" என்றார். அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் – இரண்டு பதிவு இருந்தது, எதை அழுத்தினேன், விசாரணையில் என்ன எழுதினேன்.

"படிச்சுப் பாக்கலீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 5
டாக்டரிடம் போய் உண்மையை எழுதிக் கொடுத்தேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 27
குழந்தைக்கு இரண்டாவது ஊசி நாள். மதியம்வரை பார்த்தேன், சென்றாயன் வரவில்லை. தேடிப் போகலாம் என்று கிளம்பி, வளைவில் நின்று டேப்லெட்டைத் திறந்தேன். காலை பத்து மணிக்கே ஊசி போட்டதாகப் பதிவாகியிருந்தது. இடம்: காளப்பநாயக்கன்பட்டி. கைக்குழந்தையோடு மலை முழுக்க பஸ்ஸில் இறங்கிப் போயிருக்கிறார், என் கையில் கொடுக்க மனம் வராமல்.