ஒன்பதேகாலுக்கு வந்தவர்கள்

17 ஏப்ரல், திங்கள்

காலையிலேயே வெயில். காற்று அசையவில்லை. வருடப்பிறப்பு லீவு முடிந்து வீட்டுத் திட்டக் கந்தோர் திறந்தது.

முதல் வேலை மணிக்கூடு. சனிக்கிழமையிலிருந்து நாடு முழுக்க அரை மணி பின்னுக்கு. பத்து வருடத்துக்கு முன்னர் முன்னுக்குத் தள்ளியதைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். சுவர் மணிக்கூட்டுக்குக் கதிரை போட்டு ஏறினேன். மேசைக் கணினிகள் மூன்றையும் உட்கார்ந்தபடியே அரை மணி பின்னுக்கு வைத்தேன். ஐந்து நிமிட வேலை. எல்லாப் பதிவும் போய்ச் சேருகிற உள்அறைக் கணினியை, சேவரை, அதைச் செய்து தந்த கொழும்புக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

முதலாம் மேசையில் தவமலர் அக்கா, பாண்டிருப்பிலிருந்து வருபவர்: "இப்ப, பத்து வருசமா மாத்தாத புலி ஏரியா நேரமும் நம்மட நேரமும் ஒண்டாப் போச்சு தம்பி. சண்டை பிடிக்கிறதுக்கு இனி நேரம் மாறாது."

நாளை தொடக்கம் மூன்று நாள், புது வீடு கொடுக்கும் பட்டியலை உறுதிப்படுத்தல். சுனாமியில் வீடு போய், கடலுக்குக் கிட்ட என்பதால் பழைய வளவில் கட்டவும் விடாமல், பதினாறு மாதமாகத் தகரக் கொட்டிலில் இருக்கிற சனம். ஆளாளுக்குக் கொடுத்த துண்டில் போட்ட நேரத்துக்கு நேரில் வந்து அடையாள அட்டை காட்ட வேண்டும். வராவிட்டால் பெயர் வெட்டு.

மேசைக் கணினியில் ஓடும் புரோகிராம் என்னுடையது. சேவரில் ஓடுவது கொழும்புக்காரருடையது. என் ஞாபகத்துக்கு:

– காலையில் மேசைக்காரர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க, சேவர் ஒரு டோக்கன் தரும். பார்த்தால் பூனை நடந்த கீபோர்ட்.
– அன்றைக்கு அனுப்பும் ஒவ்வொரு பதிவோடும் டோக்கனும் போக வேண்டும். இல்லாவிட்டால் சேவர் கதவைத் திறக்காது.
– ஆயுள் அரை மணி. முடிந்தால் புதிது. அதை என் புரோகிராம் பார்த்துக்கொள்ளும்.

தவமலர் அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன்: ஆமிக் கேம்ப் வாசலில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பாஸ் தருவார்களே, அது. நேரம் முடிந்தால் செல்லாது. "அதெண்டா நல்லா விளங்குது" என்றார். விளங்காமல் இருக்குமா.

பெரியவர் (திட்டத்துக்குப் பொறுப்பானவர், இந்தக் கொப்பியில் இதுதான் அவர் பெயர்) கேட்ட மாற்றமும் முடிந்தது. திரையில் சிவப்பு எழுத்து வரக் கூடாதாம். "சனம் கண்டா கலவரப்படும்." ஆகவே சேவர் எதையாவது மறுத்தாலும் சத்தமில்லாமல் அடுத்த பெயருக்குப் போகும்படி எழுதிக் கொடுத்தேன். பின்னேரம் உறுதி விழாத பெயருக்கு நேரே "வரவில்லை" என்று அச்சாகும். அவருக்குத் துப்புரவான பட்டியல் வேண்டும். எனக்கு அடுத்த வேலைக்கும் கொந்தராத்து வேண்டும்.

மேசைக்குப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். மூன்றும் சரி.

என் கூடப்பிறந்த ராத்தாவின் துண்டில் நாளை ஒன்பதேகால். பக்கத்துக் கொட்டில் பரீதாவுக்கு ஒன்பது இருபது. சேர்ந்து வருவார்கள்.

18 ஏப்ரல், செவ்வாய்

நாள் முழுக்க உள்அறை. ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை. வெளியே வரிசை றோட்டு வரைக்கும். எட்டரைக்கு மூன்று மேசையும் டோக்கன் வாங்கின. ஒரு தடங்கலும் இல்லை. பெரியவர் இரண்டு தரம் எட்டிப் பார்த்து, "மெசின் நல்லா வேல செய்யிது" என்றார். மத்தியானம் சோறு, கீரி மீன் பொரியல், உப்புக் கூடிவிட்டது.

பின்னேரம் பட்டியல் அச்சாகி வந்தது. "வரவில்லை" எக்கச்சக்கம். பெரியவருக்கு ஆச்சரியமில்லை. "பழைய நேரம் பாத்து வந்திரிப்பானுகள். வீடு குடுக்கிற அண்டைக்கும் நேரம் தெரியாத சனம்." நானும் தலையாட்டினேன். ஆட்டினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பட்டியலை வாசலில் ஒட்டியது நானே. பெயர்களை வாசிக்கவில்லை. பசை கையில் காய்ந்துவிட்டது.

19 ஏப்ரல், புதன்

காலையில் பட்டியல் முன்னால் சனம். ஒரு ஆள் என் கையைப் பிடித்து, "வந்தன் தம்பி, அந்த அக்காதான் என்ட அட்டையப் பாத்தவ" என்றார். "துண்டில என்ன நேரம் போட்டிரிந்திச்சு? நீங்க எத்தின மணிக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். கேட்ட தொனி பெரியவருடையது.

அவர் விரல் வைத்த இடத்துக்கு மேலே ராத்தாவின் பெயர். நேரே, வரவில்லை. அடுத்தது பரீதா. வரவில்லை.

ஆத்திரம் வந்தது, பட்டியல் மேல் இல்லை, ராத்தா மேல். அஸர் தொழுததும் நேரே சாய்ந்தமருதுக் கொட்டிலுக்குப் போனேன். மச்சானைக் கடல் கொண்டுபோன பிறகு ராத்தாவும் மகள் றிஸ்னாவும் அங்கேதான். தகரம் அந்த நேரத்திலும் கொதித்தது. ராத்தா வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தா. எங்கள் வாப்பா ராத்தாவின் கலியாணத்துக்குக் கட்டிக்கொடுத்த வீட்டைத்தான் கடல் எடுத்தது. றிஸ்னாவுக்கு நிந்தவூரில் கலியாணப் பேச்சு ஒன்று இருக்கிறது. அவர்கள் பக்கம் இடைக்கிடை ஆள் அனுப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீடு எப்போது? இங்கே பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் பேச்சு இல்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டும் நேரத்துக்குப் போகவில்லையே என்று கத்தினேன். றிஸ்னாவுக்கு முன்னால். பரீதாவுக்கும் கேட்டிருக்கும், நடுவில் இருப்பது ஒரு தகரம்தான்.

"நாங்க ரெண்டு பேரும் போனம்" என்றா ராத்தா.

"பழைய நேரத்தப் பாத்துப் போயிரிப்பீங்க."

ராத்தா கீரையைக் கீழே வைத்தா. "பழைய நேரம் பாத்துப் போனா நான் அரை மணித்தியாலம் முந்தியெல்லுவா போயிரிக்கணும். எப்பிடிப் பிந்தும்?"

 உண்மைதான். பழைய மணிக்கூட்டில் ஒன்பதேகால் என்றால் புதியதில் எட்டே முக்கால். பழைய நேரத்தை நம்பியவன் முந்தி வந்து வெயிலில் நிற்பான், பிந்த மாட்டான். இரண்டு நாளாகக் கந்தோரில் ஒருவருக்கும் இது ஓடவில்லை. படித்தவர்கள் அல்லவா. கணக்குப் பார்த்தது ஆறாம் வகுப்போடு நின்ற என் ராத்தா.

தேத்தண்ணி தந்தா. குடிக்காமல் வந்தேன்.

20 ஏப்ரல், வியாழன்

புழுக்கம். மழை வரும் போல, வரவில்லை. கடைசி நாள்.

ஏழு மணிக்கே போய்ச் சேவரின் பதிவேட்டைத் திறந்தேன். நான் எழுதிய புரோகிராம் யாருக்கும் காட்டாமல் விழுங்கியதை எல்லாம் சேவர் குறித்து வைத்திருக்கிறது: அடையாள அட்டை இலக்கம், நேரம், மறுப்பு, காரணம். காரணம் ஒன்றே. டோக்கன் காலாவதி.

8.30 – 9.00 ஒரு மறுப்பும் இல்லை.
9.00 – 9.30 எல்லாம் மறுப்பு.
9.30 – 10.00 ஒன்றும் இல்லை.
10.00 – 10.30 எல்லாம்.

பின்னேரம் வரை இப்படியே. மூன்று மேசையும்.

விளங்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. கொழும்புக்காரர் சேவரில் மணிக்கூட்டு முள்ளைத் தொடவில்லை. இலங்கை எந்த நேர வலயம் என்பதையே மாற்றியிருக்கிறார். அதுதான் சரியான முறை. நான் செய்தது சுவர் மணிக்கூட்டுக்குச் செய்வது. வலயத்தைப் பழையபடியே விட்டுவிட்டு அரை மணியைக் கையால் குறைத்தேன். திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே நேரம். உள்ளே, டோக்கனின் ஆயுளைப் பார்க்கும் உலக நேரக் கணக்கில், என் மூன்று கணினியும் அரை மணி பின்னால். டோக்கன் ஒன்பது மணிக்குச் செத்துவிட்டது. என் புரோகிராம் தன் மணிக்கூட்டை நம்பி, இன்னும் அரை மணி உயிர் இருக்கிறது என்று செத்த டோக்கனையே அனுப்பிக்கொண்டிருந்தது. சேவர் மறுத்தது. சிவப்பு எழுத்து வரவில்லை. தவமலர் அக்கா "சரி, போங்க" என்று அனுப்பிவிட்டார்.

வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள்.

எட்டரைக்கு முன் திருத்தினேன். சேவர் மறுத்தால் புது டோக்கன் வாங்கி அதே பதிவைத் திருப்பி அனுப்பு. அதற்கும் மறுத்தால் நின்று, சொல்லு. ஏழு வரி. திங்கட்கிழமையே எழுதியிருக்க வேண்டியது. கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: மறுப்பை விழுங்காதே, உன் மணிக்கூட்டை நம்பாதே. இன்றைக்கு ஒன்பதேகாலுக்கு வந்தவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள்.

தவமலர் அக்காவிடம் மட்டும் சொன்னேன்.  "நான் ஒவ்வொராளுக்கும் சரி எண்டு சென்னன் தம்பி. என்ட வாயால."

செவ்வாய், புதன் பட்டியல்கள் நேற்றுப் பின்னேரமே மாவட்டத் தலைமைக் கந்தோரான அம்பாறைக் கச்சேரிக்குப் போய்விட்டன.

21 ஏப்ரல், வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்கு முன் பெரியவரிடம் போனேன். பதிவேட்டை அச்செடுத்து மேசையில் வைத்தேன். பல பக்கம். பெயர்களை நான் எண்ணவில்லை. எண்ணினால் அந்த எண் தலையை விட்டுப் போகாது.

முழுக்க வாசித்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இதக் கச்சேரிக்குச் சென்னா என்ன நடக்கும், தெரியுமா? பட்டியல் முழுக்கப் பிழை எண்டு வரும். திருப்பி முதல்லரிந்து. நாடு இரிக்கிற இரிப்பில, நாளைக்கு என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும். காசு குடுக்கிறவன் போயிருவான். கிடைச்சாக்களுக்கும் இல்லாமப் போகும். அது ஒங்களுக்கு நல்லாரிக்கா?"

மேசையிலிருந்த தாள்களின் ஓரத்தை நேராக்கினேன்.

"ஒங்கட ராத்தாட பேரும் இதுக்குள்ள இரிக்கி எல்லுவா? ஒரு பேரெண்டா நான் எழுத்துப் பிழையெண்டு கடிதம் போட்டுச் சேத்திருவன். நீங்க மெசின்ல மட்டும் மாத்துங்க. மறுகா பாலமுனைப் பக்கமும் இந்த வேல வருகுது. ஒங்களத்தான் நெனச்சிரிக்கன்."

அச்செடுத்த தாள்களை மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். நான் கையை நீட்டவில்லை.

பள்ளிவாசல் குத்பாவில் என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை. செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

22 ஏப்ரல், சனி

கந்தோரில் ஆள் இல்லை. ஆமிச் சுற்றிவளைப்பு நடக்கிறது என்று கதை, றோட்டில் பஸ் குறைவு. கதவைத் திறந்து உள்ளே போய் மேற்பார்வையாளர் பெயரில் டோக்கன் எடுத்தேன். அரை மணி ஆயுள். ராத்தாவின் இலக்கம் அடித்து, "வந்தார்" என்று மாற்றினேன். சேவர் ஏற்றுக்கொண்டது. ஒரு நிமிடம் போயிருக்காது.

மிச்சம் இருபத்தொன்பது நிமிடம். பெயர்கள் எல்லாம் திரையில் இருந்தன. பரீதா அடுத்த வரி. கையைக் கூட நகர்த்த வேண்டாம், கீழே ஒரு தட்டு. கடிதத்தில் இல்லாத பெயரை மாற்றினால் பெரியவருக்குத் தெரிந்துவிடும். கொந்தராத்து போகும், ராத்தாவின் பெயரும் சேர்ந்து போகும். இதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தேன். டோக்கன் தானே செத்தது.

நான் கோழை. இதற்கு வேறு சொல் தேட வேண்டாம்.

23 ஏப்ரல், ஞாயிறு

ராத்தாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், மெல்லிய குரலில், தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்காமல்.

ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. "பரீதாட பேர்?" என்று மட்டும் கேட்டா. இல்லை என்றேன். "மத்தாக்கள்ட?" அதற்கும் இல்லை.

றிஸ்னா வெளியே உடுப்புக் காயப்போடுவது கேட்டது. ராத்தா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தா. மறுத்துவிடுவா என்று ஒரு கணம் நினைத்தேன், மறுத்தால் எனக்கும் ஒரு வழி பிறக்கும் என்று. என் மானத்தையும் ராத்தாவே காப்பாற்ற வேண்டும் எனக்கு.

"நான் எடுக்கன்" என்றா. "எடுக்காட்டி இந்தப் புள்ளைய நான் எங்க கொண்டு வெக்கிற? ஆனா நீ இனி இஞ்ச வந்தா பரீதாட பக்கம் போகாத. அவட முகத்த நீ பாக்கப்படாது. நான் பாக்கத்தானே போறன், காலையும் பின்னேரமும்."

24 ஏப்ரல், திங்கள்

பெரியவரின் கடிதம் போனது. எழுத்துப் பிழை, ஒன்று. தவமலர் அக்கா லீவு. சுகமில்லையாம்.

பாலமுனை வேலைக்கு என்ன வேண்டும் என்று குறிப்புக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: கணினி இரண்டு, கேபிள், நேர வலயம் சரி பார்த்தல். அந்தக் கடைசி வரியைக் கூச்சமில்லாமல் எழுதினேன்.

26 ஏப்ரல், புதன்

கொழும்பில் நேற்றுக் குண்டு. கடைகள் பாதி பூட்டு. கந்தோருக்கு வந்தவர்கள் குறைவு. பத்து மணி போலப் பரீதா வந்தார், சின்ன மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு. என்னைத் தேடித்தான். ஒளிய இடமில்லை.

கையில் புதுத்தாள் ஒன்று, சுருட்டி. சண்டைக்கு வரவில்லை. என்னைப் பார்த்ததும் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எனக்குத்தான் ஏதோ தொந்தரவு தருகிறவர் போல நின்றார்.

"ராத்தாக்குச் சரி வந்திட்டாம் தம்பி, அல்ஹம்துலில்லாஹ். ஒங்கட கந்தோர் பெரிய சேரக் கண்டு கதைச்சன். பிந்தி வந்தத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் குடுத்தா, அடுத்த தரம் எடம் வந்தாப் பாப்பமெண்டு சென்னாரு. எனக்குக் கடிதமெல்லாம் எழுத வாராது. நீங்க எழுதித் தாங்களன்."

"நீங்க பிந்தி வந்தீங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

பரீதா மகனை மற்ற இடுப்புக்கு மாற்றினார். "ராத்தாக்குப் பின்னாலதான் நிண்டன். ஆனா இவன் அழுதானெண்டு கொஞ்சம் அங்கால போயிட்டு வந்தன் தம்பி. அதுக்குள்ள நேரம் போயிரிக்கும் போல. என்ட பிழைதான்."

கதிரையில் இருக்கச் சொன்னேன். எழுதினேன். ஐயா, எனக்குக் குறிக்கப்பட்ட நேரத்துக்கு நான் சமுகமளிக்கத் தவறியமைக்காக மிகவும் மனம் வருந்துகிறேன். இது முற்றிலும் எனது கவனயீனத்தால் ஏற்பட்டது. தங்கள் கருணையை வேண்டி நிற்கிறேன்.

வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"நல்லா எழுதிரிக்கீங்க" என்றார். எந்த இடத்தில் கையெழுத்து என்று கேட்டார். காட்டினேன். வைத்தார்.