அம்சவல்லி மோட்டார் வேலை படிக்கிறாள்

வடகரைச்சேரி
ஆவணி, 1973

அன்பு மகன் துரைராசுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தங்கச்சியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். உடம்புதான் நன்றாக இருக்கிறது, மனசு கொதிக்கிறது. உன் கடிதத்தை அம்சவல்லிதான் வாசித்தாள். பாதியில் நிறுத்தி என் கையில் கொடுத்து, மீதிய நீங்களே படிங்கப்பா என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். வயசுப் பெண்ணை மோட்டார் கொட்டகைக்கு அனுப்பினால் ஊர் சிரிக்கும், உடனே நிறுத்துங்கள், இங்கே ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

கழக ஆட்சியில் கூலிக்குச் சட்டமே வந்தும் இங்கே தகராறு ஓயவில்லை. போன அறுவடையிலிருந்து சங்கக் கொடி பிடித்த வீட்டுக்குப் பண்ணையில் வேலை கிடையாது, வெளியூர் ஆளை லாரியில் இறக்கி நடவு நடக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த நம் தெருப் பிள்ளைகள் வயலுக்கும் இல்லாமல் ஆபீசுக்கும் இல்லாமல் மதகுக் கட்டையில் உட்கார்ந்தே கிடந்தார்கள். திருவிடைமருதூரில் பம்புசெட் மோட்டார் பழுதுபார்க்க சர்க்கார் பயிற்சி தொடங்குகிறது என்று ரேடியோவில் கேட்டுச் சொன்னவள் உன் தங்கச்சி. சோம்பிக் கிடந்தவர்களை எழுப்பி, சான்றிதழுக்கு அலைந்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியவைத்தவளும் அவள்தான். தன் பெயரையும் கொடுத்தாள்.

தொடக்க நாளில் நானும் கூடப் போனேன். சாயங்காலம் பெரிய அதிகாரி வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. பயிற்சி நடத்துகிறவன் பையன்களை எல்லாம் உள்ளே விட்டுவிட்டு இவளைப் பார்த்து, உனக்குத் தையல் கிளாஸ் இருக்கும்மா, மோட்டாரத் தொட்டா ஷாக் அடிக்கும் என்று சிரித்தான். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் வாய் திறப்பதற்குள் அவள், ஷாக்கு ஆம்பளைன்னா விட்டுடுமா சார், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணவங்க வரலாம்னுதானே சொன்னீங்க என்று கேட்டாள். வெளியே நில் என்றான். சோறு தண்ணி இல்லாமல் வாசலிலேயே நின்றாள்.

அவளால் உள்ளே போனவர்களில் ஒருத்தனாவது திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அதைச் சொல்ல இப்போதும் நாக்கு கசக்கிறது. பக்கத்து வீட்டுக் காத்தான் மட்டும் எழுந்து வந்து, அக்காவுக்கு இடம் இல்லன்னா எனக்கும் வேணாம் சார் என்று அவள் பக்கத்தில் நின்றான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு ரோஷம் வந்தது, ஒவ்வொருத்தனாக வெளியே வந்தார்கள். பெரிய அதிகாரிக்குக் காலிக் கொட்டகையைக் காட்ட முடியுமா? அவர் ஜீப்பு வருவதற்குள் பயிற்சி நடத்துகிறவன் இவளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டான். சேர்த்த கையோடு, பெண்கள் தங்க இடம் இல்லை என்று இன்னொரு முட்டுக்கட்டை போட்டான். வாசலில் நின்ற பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த, கொட்டகைக்கு எதிர்வீட்டு சைத்தூன் பீவி, எங்க வீட்ல இருக்கட்டும், எனக்கும் பொண்ணுங்க இருக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். மோட்டாருக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிப் பழகுகிறாள், விரலெல்லாம் கம்பிக் கீறல்.

ஊர் சிரிக்கும் என்கிறாய். நீ படிப்பு முடித்துச் சும்மா திரிந்தபோது சங்கத்து இராஜாங்கம் உன்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சியில் சேர்த்தாரே, கூலிக்காரன் மகனுக்கு லேத்து மெஷின் வேலை எதற்கு என்று அன்றைக்கும் இதே ஊர்தானே சிரித்தது? அதற்கு நான் பயந்திருந்தால் உனக்கு ஏது பிலாய் இரும்பாலை வேலை? வெளியாள் ஒருத்தன் அவளைத் தடுத்தான், அதைப் பொறுத்துக்கொண்டேன். கூடப் பிறந்தவன் நீ தடுக்கிறாய், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மாவுக்கு என்னைவிடக் கோபம். எங்க பொண்ணு படிச்சிட்டு இருக்கா, அந்த மாப்பிள்ளைக்கு வேற இடம் பாக்கச் சொல்லுங்க என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

திட்டினாலும் நீ என் பிள்ளை. ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உலைப் பக்கம் வேலை செய்யும்போது பார்த்து நட, வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. எழுதி முடித்ததும் ஒருதரம் படித்துப் பார். அதில் ஒரு வரியாவது புத்திமதி இருந்தால் தபாலில் போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கையன்