பதினேழாம் எண் முத்திரை

மார்ச் 4, செவ்வாய்

மன்னிக்கணும். ஐந்து நாளாக உன்னைத் திறக்கவில்லை, இன்றைக்கும் மணி பதினொன்றரை. நோட்டுப் புத்தகத்திடம் மன்னிப்புக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேன். குழந்தை தூங்கினால்தானே எனக்கு இரண்டு கையும் கிடைக்கிறது.

கம்பெனியில் சேர்ந்து இன்றோடு இரண்டு வருடம். படித்தது வரலாறு, பார்ப்பது தேசியக் கொடி சரிபார்க்கிற வேலை. அதற்கு முன் ஏறி இறங்கிய அலுவலகங்கள் பதினான்கு. ஓர் இடத்தில் அந்த அம்மா ரொம்ப அன்பாகவே சொன்னார்: “மார்க்கெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. ஆனா முன்னாடி உக்கார்றதுக்கு எங்க ஆளுங்களா இருந்தா வர்றவங்களுக்கு வசதி.” நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் இந்த வேலை பிடித்துவிட்டது. மேலே பச்சை, கீழே நீலம், நடுவில் நட்சத்திரம். நட்சத்திர வடிவில் வெட்டிய அளவுத் தகட்டை மேலே வைத்து ஐந்து முனையும் பொருந்துகிறதா என்று பார்த்து, கயிறு கோக்கிற மடிப்பில் முத்திரை குத்த வேண்டும். என் எண் பதினேழு. தெருவில் எந்தக் கட்டடத்தில் கொடி பறந்தாலும் கண் தானாக மேலே போகிறது. பெருமைதான். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

காய்ச்சல் நூற்று மூன்று. இரண்டரை வயதுக் குழந்தை அனத்துவதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. லீவு போட்டேன். சட்டசபைக்குப் போகிற கொடிகளை இன்றைக்கே முடித்தாக வேண்டும், லீவு போட்டால் என் பங்கு எண்ணிக்கை அப்படியே நிற்கும். அதனால் காலையிலேயே கம்பெனி வாசலுக்கு ஓடி, முத்திரையைச் சுருட்டையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து மேஜைக்காரி, முடி சுருட்டை, பெயரும் அதுவே ஆகிவிட்டது. அவள் லீவு போட்டால் அவள் பங்குக்கு நான் குத்துவேன், என் லீவுக்கு அவள். கூடாதுதான். எல்லா மேஜையிலும் நடப்பதுதான்.

“போடி, போய்ப் புள்ளையப் பாரு. உன் பதினேழையும் என் பதினெட்டையும் சேத்து நானே நாட்டக் காப்பாத்துறேன்” என்றாள்.

மார்ச் 12

காய்ச்சல் இறங்கிவிட்டது. நானும் ஒரு மணி நேரம் தூங்கினேன்.

மார்ச் 20, வியாழன்

டிவியை அணைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தன் மேஜைக் கொடியைத் தூக்கிக் காட்டினார். நட்சத்திரம் தலைகீழ். ஒற்றை முனை கீழே பார்க்கிறது. “கொடியைக்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாத அரசு” என்றார். ஆளுங்கட்சிக்காரர் எழுந்தார்: “இது தவறு அல்ல, சதி. இந்த மண்ணில் ஒட்டாத கைகள் செய்தது.” உடனே எதிர்க்கட்சிக்காரர், “அந்தக் கைகளை உள்ளே விட்டது யார்? நீங்கள்தானே!” காகிதங்கள் பறந்தன. சபையை ஒத்திவைத்தார்கள்.

இரண்டு தரப்பும் எல்லாவற்றிலும் சண்டை போட்டன. கைகள் யாருடையவை என்பதில் மட்டும் சண்டையே இல்லை.

எட்டு மணிச் செய்தியில் மடிப்பைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். பதினேழு.

மார்ச் 21, வெள்ளி

மேனேஜர் அறையில் ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். வருகைப் பதிவேடு மேஜையில் திறந்திருந்தது.

“பதினொண்ணாம் தேதி நீ லீவு. அப்ப முத்திரை மட்டும் நடந்து வந்துச்சா?”

“கொடுத்துட்டுப் போனேன் சார். தப்புதான்.”

“யாருகிட்ட?”

நான் சொல்லவில்லை.

“உங்க ஆளு யாருக்காவது குடுத்திருப்பே. உங்களுக்குள்ள விட்டே குடுக்க மாட்டீங்களே!”

சிரிப்பு வந்தது, அந்த இடத்தில்! சரிபார்க்கிற பன்னிரண்டு பேரில் ‘எங்க ஆளு’ நான் ஒருத்திதான். அவருக்கும் தெரியும். நாளை முதல் வர வேண்டாம், விசாரணை முடியட்டும் என்றார். வெளியே வரும்போது சுருட்டை தன் மேஜையில் குனிந்தே இருந்தாள். தகட்டை ஒரே கொடி மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 22, சனி

இவர் பஸ் டிப்போவிலிருந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். கை கழுவவில்லை, கிரீஸோடு.

“பேரச் சொல்லிட்டு வா. அவ்வளவுதானே?”

“சொன்னா அவ வேலை போயிடும்ங்க. அவளுக்கும் வீட்ல ரெண்டு இருக்கு.”

“அவ வேலை போகாது. உனக்கு இன்னுமா புரியல? நீ வாயத் தொறந்தாலும் அவங்க நம்ப மாட்டாங்க, தொறக்கலன்னா நீதான்னு முடிவு பண்ணிடுவாங்க.”

“அப்ப ரெண்டும் ஒண்ணுதானே. விடுங்க.”

“ஆமா, தியாகி! சிலை வைக்கச் சொல்றேன்” என்று குளிக்கப் போய்விட்டார். கோபத்தில் துண்டை எடுக்க மறந்து உள்ளே இருந்து கத்தினார். நானும் கொஞ்ச நேரம் கத்த விட்டுத்தான் கொடுத்தேன்.

ஆனால் அவர் கேட்டது உறைக்கிறது. எனக்காகச் சும்மா இருக்கிறேனா, அவளுக்காகவா? இல்லை, சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரிந்திருப்பதாலா?

மார்ச் 24, திங்கள்

குழந்தையைக் காப்பகத்தில் விடப் போனேன். வாசலில் ஓர் அம்மா தன் பையனின் கையைப் பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

நான் எந்தக் கம்பெனி என்று தெரிந்த காப்பக டீச்சர், “ஒரு வாரம் வீட்லயே வெச்சுக்கோங்களேன். டிவியில எல்லாம் வருது... உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். முத்திரைக்கும் என் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இவளுக்கு இன்னும் ஐந்துக்கு மேல் எண்ணக்கூடத் தெரியாதே! கேட்கவில்லை. ஏன் கேக்கல? எப்பவும் வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கு வாய் வருது.

வங்கி வாசலில் கொடி பறந்தது. பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்ததற்கு எரிச்சலாக வந்தது. ஆனால் நட்சத்திரம் சரியாக இருந்தது, அதில் ஒரு நிம்மதியும் வந்தது. இந்த இரண்டையும் எங்கே கொண்டு போய் வைப்பது?

மார்ச் 25

சுருட்டைக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“சொல்லிட்டேன்டி. கடைசிக் கட்டு, லாரி வந்து நின்னுடுச்சு, தகடு வைக்காம குத்திட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“உக்காரச் சொன்னாரு. டீ வரவழைச்சுக் குடுத்தாரு. ‘அவசரத்துல யாருக்கும் நடக்கிறதுதான், இனிமே பாத்துக்க’ன்னாரு. வேற ஒண்ணுமே சொல்லலடி.” அதற்கு மேல் முடியாமல் அழுதாள். “திட்டுவாருன்னு நெனச்சுத்தான் ஆறு நாள் வாயத் தொறக்கல. ஒண்ணுமே சொல்லலடி.”

உள்ளே வரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். அவளைத் தேற்றவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. குழந்தை போய் அவள் மடியில் ஏறிக்கொண்டது. அதற்கு அவள் முடியைப் பிடித்து இழுக்கணும், அவ்வளவுதான் அதன் அரசியல்.

மார்ச் 28, வெள்ளி

எட்டு மணிச் செய்தி முழுவதும் பார்த்தேன். கொடியைப் பற்றி ஒரே வரி: “பணியாளர் ஒருவரின் கவனக்குறைவு எனத் தெரிய வந்துள்ளது.” சதி இல்லை, மண் இல்லை, கைகளும் இல்லை. சபையில் இப்போது சாலை டெண்டருக்காகக் கத்துகிறார்கள்.

மேனேஜர் போன் செய்தார். “திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடும்மா. எல்லாம் சரியாயிடுச்சு.” எது சரியாயிற்று என்று கேட்க நினைத்தேன். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று என் வாயிலிருந்தே வந்தது. இவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கரண்டி கையில் அப்படியே.

மார்ச் 30, ஞாயிறு

இரவு முழுக்க யோசித்ததில் கிடைத்தது ஒன்றுதான்: இந்த வேலையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், சும்மாவும் போக மாட்டேன். மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை இவர் படித்துவிட்டு, “‘தயவுசெய்து’ மூணு இருக்கு, ரெண்ட எடு” என்றார். மூன்றையும் எடுத்துவிட்டேன். சுருட்டையும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், நான் கேட்காமலே. இன்று மதியம் தபால் பெட்டியில் போட்டேன். என் பிரதி இது:

மேனேஜர் அவர்களுக்கு,

மார்ச் 11 அன்று நான் விடுப்பில் இருந்தேன். என் முத்திரையை வேறொருவரிடம் கொடுத்தது என் தவறு. அதற்கான தண்டனையை ஏற்கிறேன். எல்லா மேஜைகளிலும் இது நடக்கிறது, எல்லோருக்கும் அதே தண்டனை இருக்க வேண்டும்.

பதினேழாம் எண் எட்டு நாட்கள் தொலைக்காட்சியில் வந்தது. அந்தக் கொடியை நான் சரிபார்க்கவில்லை என்பதையும், சதி எதுவும் இல்லை என்பதையும் நிறுவனத்தின் பெயரில் எழுத்தில் தர வேண்டும். ஒரு பிரதியை அதே தொலைக்காட்சிக்கும், ஒன்றை என் குழந்தையின் காப்பகத்துக்கும் அனுப்ப வேண்டும். அது வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு என் மேஜையில் இருப்பேன்.

விரைவில் பதில் எழுதுங்கள்.