பேட்டரி மேல் போட்ட பழி

ஜூன் 8, ஞாயிறு

காலை ஆறரைக்கே வெயில். துளி காற்று இல்லை. குத்தம்பாக்கம் தரிசில் மூன்றாவது சுற்றில் என் மாடல் விமானம் விழுந்தது. மஞ்சள் இறக்கை, பால்சா மரம் வாங்கி நானே அறுத்து ஒட்டியது. இறக்கை இரண்டு துண்டு, மூக்கு தூள். விழுந்த இடம் சேகரின் பைக்கிலிருந்து ஒரு கை தூரம். யாருக்கும் அடி இல்லை.

விமானம் போனது போகட்டும். தூசி அடங்குவதற்குள் முரளி: "பேட்டரிதானுங்க சார். ரேடியோல பேட்டரி இறங்கிருச்சு."

சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். விமானத்தை ஓட்டும் ரேடியோ என் கையில்தான் இருந்தது, அதன் திரையை எவனும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். 9.9 வோல்ட், எட்டு செல்லுக்குத் தாராளம். சொன்னேன். "பறக்கறப்ப இறங்கியிருக்குமுங்க, இப்ப ஏறியிருக்கும்" என்றான். இவனுக்கு நூம்பலில் அடுக்குமாடி, கம்ப்யூட்டர் வேலை, பறக்கவிட வந்து மூன்று வருடம். நான் பதினேழு வருடம். எவனிடமும் போய்க் கற்கவில்லை.

மதியம் வாட்ஸப் குழுவில் செய்தியே போட்டுவிட்டான். ரேடியோ பேட்டரி செயலிழந்ததால் பெரியவர் விமானம் விழுந்ததாம். அடுத்த ஞாயிற்றுக்குள் லித்தியம் பேக் மாற்றிக்கொள்வாராம். மாற்றிக்கொள்வார் என்று இவனிடம் யார் சொன்னது?

குழு விதி: சாமான் பழுதால் விழுந்தால் சாமானை மாற்றிவிட்டுப் பறக்கலாம். கைத்தப்பால் வண்டிகள் பக்கம் விழுந்தால் தீபாவளி வரை வயரோடு. வயர் என்றால் என் ரேடியோவையும் இன்னொருவன் ரேடியோவையும் இணைப்பது. சுவிட்ச் அவன் விரலில். நினைத்தபோது விமானத்தை என்னிடமிருந்து பிடுங்கலாம்.

ரேடியோவிலிருக்கும் அந்த எட்டு செல்லும் நான் பார்த்துப் பார்த்து எடுத்தவை.

ஜூன் 9, திங்கள்

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு. பயனில்லை. அம்பத்தூர் போனேன். லித்தியம் என்ன விலை, என்ன லட்சணம் என்று நானே பார்த்துவிட. முரளி சொன்னதற்காக அல்ல.

முதல் கடையில் ஒரு வாய்க்காரன்.

"ரீசார்ஜ் பேட்டரியா? கீது பெருசு. நாலாயிரத்தி எண்ணூறு கீது, அஞ்சாயிரம் கீது. இன்னாத்துக்கு, ரிமோட்டுக்கா?"

"விமானத்துக்கு."

"எந்த ஏர்ப்போர்ட்டு?"

விலையல்ல, செல் பிடிக்கும் சார்ஜ், மில்லி ஆம்பியர் மணியில். பென்சில் செல் அளவில் அஞ்சாயிரம் எவனாலும் செய்ய முடியாது. பையிலிருந்து குட்டித் தராசை எடுத்து வைத்தேன். பதினாறு கிராம். என்னுடையது இருபத்தேழு. உள்ளே காற்றா அடைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"வெயிட்டு பாத்து வாங்க இது இன்னா கறியா? வேணாம்னா நடையக் கட்டு."

கட்டினேன். நாலு பேர் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான்.

இரண்டாம் கடையில் லித்தியம் பேக் இருந்தது. கெட்ட சாமான் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். எடை குறைவு. ஒரே பிளக், எட்டு செல்லின் ஸ்பிரிங்குகளை நம்ப வேண்டாம். சார்ஜ் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் ரேடியோவின் எச்சரிக்கை மணி, என் எட்டைப் போன்ற நிக்கல் செல்லுக்கு வைத்த அளவு. அதை உயர்த்தி வைக்காவிட்டால் மணி அடிப்பதற்குள் லித்தியம் செத்திருக்கும். வெளியே எடுத்துத்தான் சார்ஜ் போட வேண்டும். அதற்கென்று தனிச் சார்ஜர். என் மாடி அறைக்குத் தகரக் கூரை. மதியம் கதவுத் தாழ்ப்பாள் சுடும். அங்கே வைத்தால் பேக் ஊதிவிடும்.

அதிக எண் போட்ட நிக்கலும் வேண்டாம். 2700 என்று எழுதியிருக்கும், சும்மா கிடந்தே காலியாகும். என்னுடையது 2000தான். ஆடியில் ஏற்றி வைத்தால் தையில் எடுத்தாலும் இருக்கும். ரேடியோ குடிப்பது கொஞ்சம். போதும்.

வாங்கியது: பல்லுக்கு மாத்திரை, கத்தரிக்காய். கத்தரிக்காய் பூச்சி.

ஜூன் 10, செவ்வாய்

எட்டு செல்லையும் கழற்றிச் சோதனை. சார்ஜரில் நாலு நாலாக. முழுதும் ஏற்றி, முழுதும் இறக்கி, எவ்வளவு கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாக.

என் வீட்டுக்காரி மாடிக்கு வந்தாள்.

"காத்தாலேர்ந்து ஓடிக்கினே கீதே அந்த மெஷினு. கரண்டு பில்லு அந்த முரளி கட்டுவானா?"

"கட்ட வைக்கிறேன்."

"கட்ட வைப்ப. மொதல்ல பல்லு டாக்டராண்ட போ."

முதல் நாலு: 1940, 1910, 1935, 1925. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மீதி நாளைக்கு.

ஜூன் 11, புதன்

மாலை திடீர் மழை. எதிரே புதுக் கட்டிடத்தில் கலவை இயந்திரம், காது போயிற்று. இரண்டு மணிநேரம் மின்வெட்டு.

மீதி நாலு: 1930, 1895, 1920, 1915. ஒன்றுகூடச் சொத்தை இல்லை. ஸ்பிரிங்குகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சில் கறை இல்லை, துரு இல்லை. ரேடியோவை உள்ளங்கையில் தட்டினேன், குலுக்கினேன். வோல்ட் அசையவில்லை.

குழுவில் இன்னும் அந்தச் செய்தி. கீழே ஆறு கும்பிடு பொம்மை. எதற்குக் கும்பிடு? இழவு வீடா?

ஜூன் 12, வியாழன்

சேகர் வந்தான். தரிசு நிலம் அவன் குடும்பத்துடையது. பறக்க இடம் கொடுக்கிறான், தானும் பறக்கிறான். விமானத்தின் மிச்சத்தை அரிசிக் கோணியில் கட்டி எடுத்து வந்திருந்தான்.

"இந்தா பெருசு, உன் ஏரோப்ளேனு. எறும்பு மொய்ச்சிக்கினு கெடந்துச்சு."

கோணியைக் கொட்டினோம். புரொப்பெல்லர் இரண்டு பக்கமும் ஒடிந்திருந்தது. நின்ற விசிறி அப்படி ஒடியாது.

"மோட்டார் ஓடியதா, விழும்போது?"

"ஓடுச்சாவா? நா வண்டிய இஸ்துக்கலாம்னு ஓடறேன், அது மிக்ஸி கணக்கா கத்திக்கினே என் மேல வருது. மண்ணுல சொருவுற வரைக்கும் நிக்கல. ஊட்ல போயி ரெண்டு சொம்பு தண்ணி குட்ச்சேன்."

இதுதான் எனக்கு வேண்டும். ரேடியோவிலிருந்து சிக்னல் நின்றால் மோட்டார் தானாக அணையும். அப்படித்தான் அமைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் விமானத்தைக் கட்டிவைத்து, ரேடியோவை அணைத்து, மோட்டார் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பறப்பேன். கத்திக்கொண்டே விழுந்தது என்றால் சிக்னல் இருந்தது. சிக்னல் இருந்தது என்றால் பேட்டரி இருந்தது. முடிந்தது வழக்கு.

சேகருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அப்போ இன்னாத்துக்குதான் உய்ந்துச்சு?"

டீ குடிக்கிறாயா என்றேன்.

இவள் டம்ளரை நீட்டிக்கொண்டே, "கேக்கறான்ல, சொல்லேன்."

சர்க்கரை அதிகம் என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

முரளி போன். லித்தியம் பேக் வாங்கி வைத்துவிட்டானாம். காசு வேண்டாமாம்.

"பேட்டரி இறங்கவில்லை. சோதித்துவிட்டேன்."

குரலைத் தாழ்த்தினான்.

"சார், பேட்டரின்னே இருந்துட்டுப் போகட்டுங்க சார். சேகர் வண்டிகிட்ட விழுந்துருச்சு. கைத்தப்புன்னு ஆச்சுன்னா வயர் போடணும். உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

ஆக, தெரியும். அத்தனை பேருக்கும் தெரியும். தலையாட்டியதே அதற்குத்தான்.

எனக்கும் தெரியும். விமானம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. எதிரே வரும்போது இடம் வலம் மாறும்; எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ரேடியோவின் குச்சியைத் தள்ள வேண்டும். நான் மறுபக்கம் தள்ளினேன். தாழ்ந்தது இன்னும் தாழ்ந்தது. மறுபடி அதே பக்கம் தள்ளினேன். எழுதிவிட்டேன், போதும்.

முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். என் காலடியில் இன்னொரு பிரேக். பழகுகிறவன் பயந்து விழிக்கும்போது நான் மிதிப்பேன். பிறகு முதுகில் தட்டி, "சரியா நிறுத்திட்டியேப்பா" என்பேன். எத்தனை பேருக்கு அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன். அதையே எனக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காசுகூட வேண்டாமாம்.

தப்பு செய்யலாம். மட்டமான பேட்டரி போடுகிறவன் என்று பெயர் எடுக்கமாட்டேன்.

இரவு சாப்பிடவில்லை. பல்.

ஜூன் 14, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. பேசக்கூடாதாம். நாளைக்குப் பேச வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

மேற்கே மேகம். லேசான காற்று. பழைய நீல விமானத்தை எடுத்துப் போனேன்.

முரளி லித்தியம் பேக்கை ரிப்பன் கட்டாத குறையாக நீட்டினான். வாங்கவில்லை. எல்லாரையும் வரச் சொன்னேன். கன்னம் வீங்கி, பாதி வாய்தான் திறந்தது. பரவாயில்லை, கேட்டது.

"பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. எதிரே வரும்போது குச்சியைத் தப்பாகத் தள்ளினேன். இரண்டு தடவை. குழுவில் மாற்றிப் போடு."

"சார், அது எதுக்குங்க இப்ப..."

"போடு. நான் நிற்கிறேன்."

நின்றேன். அடித்தான். ‘கவனக்குறைவு’ என்று அடித்தான். அழிக்கச் சொல்லி ‘கைத்தப்பு’ என்று அடிக்க வைத்தேன்.

சேகர்: "இன்னா பெருசு, யாராவது தானா போயி மாட்டிக்குவாங்களா? பேட்டரின்னு உட்டுட்டு ஜாலியா பறந்திருக்கலாமில்ல?"

"உன் வண்டி தப்பித்ததற்கு சந்தோஷப்படு."

"அது சரி. டியூ இன்னும் முடியல அதுக்கு."

முரளி வயரை எடுத்துக்கொண்டு வந்தான். கண்ணைப் பார்க்கவில்லை. தன்னுடைய இன்னொரு ரேடியோவைத் தரட்டுமா, லித்தியம் போட்டது என்றான். என் ரேடியோ, என் எட்டு செல், வயரை இதில் சொருகு என்றேன். சொருகினான்.

எடுத்தது நான். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. மூன்றாவதில் எதிரே வந்தது. இடது இறக்கை தாழ்ந்தது, அதாவது என் பார்வைக்கு இடது. பக்கத்தில், சுவிட்சில் விரலோடு, முரளி மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

"எடுக்காதே."

"எடுக்கலைங்க சார்."

தள்ளினேன். நிமிர்ந்தது.

இறக்கியதும் நான்தான். பார்த்தேன்: 10.1 வோல்ட். திரையை முரளி முகத்துக்கு நேரே பிடித்தேன், அவன் வாய்விட்டுப் படிக்கும் வரை. தீபாவளி வரை வயர். பேட்டரி பற்றி எவனும் வாயைத் திறக்கவில்லை.