பதினான்கும் நாற்பத்தொன்றும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றிலிருந்து எனக்கு மூன்று ரயில் பகுதிகள். போன வாரம் வரை ஒன்றுதான். மூன்று திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலி. பழைய சிக்னல் கேபினில் ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம் தெரியும். இங்கே, நானூறு கிலோமீட்டர் தள்ளி, ஜன்னலே இல்லாத ஹாலில், ரயில் என்பது ஒரு சிவப்புக் கோடு. இடங்களின் பெயர்கள்கூடப் போய் எண்களாகிவிட்டன. குவாரி வளைவு இப்போது 14.

வீட்டுக்காரர் தையல் கடைக்கு இடம் பிடித்துவிட்டார். எனக்காக ஊரை விட்டு வந்த மனிதர். புலம்பக் கூடாது.

மார்ச் 19, வியாழன்

குவாரி வளைவு மேஸ்திரி போன் செய்தார். கேபின் காலத்திலிருந்தே அவர் எனக்கு அண்ணன். ஆட்கள் தண்டவாளத்தில் இறங்குமுன் அவர் கேட்பார், நான் அந்த வழியை மூடிக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் சொல்வார், திறப்பேன்.

"என்னம்மா, ஏசில உட்கார்ந்து குரலே குளிர்ந்து போச்சே!"

பின்னால் யாரோ பலமாகச் சிரித்தார்கள். யாரண்ணே என்றேன். "நம்ம நெட்டைதான். எதுக்குச் சிரிக்கிறான்னு அவனுக்கே தெரியாது."

ஏப்ரல் 8, புதன்

எழுத வரவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காலை பத்தே முக்கால். 14-இலும் 41-இலும் ஆட்கள். இரண்டையும் மூடியிருந்தேன். மூன்றாவது திரையில் சிக்னல் கோளாறு. பயணிகள் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர் ஒரு காதில். மறு காதில் 41-இன் மேஸ்திரி: "முடிஞ்சதுங்க, திறந்துடுங்க."

திறந்தேன். 14-ஐ.

ஏன்? விரல் அங்கே போனது. வேற பதில் இல்ல. இல்லவே இல்ல.

நான்கு நிமிடம். சரக்கு வண்டி பச்சை விளக்கை நம்பி வந்தது. வளைவில் கடைசி நொடி வரை தெரியவில்லையாம். மற்றவர்கள் குதித்துத் தப்பித்துவிட்டார்கள். நெட்டை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

என் திரையில் சிவப்புக் கோடு 14-இல் நின்றது, அவ்வளவுதான். பிறகு அண்ணனின் போன். "என்னம்மா பண்ண... என்னம்மா பண்ண..."

ஏப்ரல் 13, திங்கள்

அதிகாரி கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேஸ்திரி முடிஞ்சதுன்னு சொன்னதாலதானே 14-ஐத் திறந்தீங்க?"

"இல்ல சார். 41-லேர்ந்து..."

"யோசிச்சுப் பேசுங்க. உங்க போன்ல இன்னும் ரெக்கார்டிங் இணைக்கல. 41-காரரை யாரும் கூப்பிடப் போறதில்ல. இன்னும் அறுபது பகுதி இங்க வரணும். ஒரு ஆளுக்கு மூணு தாங்காதுங்கிற பேச்சு இப்ப கிளம்பக் கூடாது."

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது: பொய்த் தகவல் கொடுத்தாரென்று அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 16, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவே இல்லை.

"உன்ன யாரு கேட்டா? வாய வச்சுக்கிட்டு சும்மா இரு." சற்றுப் பொறுத்து, "இப்பதான் நாலு பேரு கடையத் தேடி வர்றாங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

விசாரணை. எதிர் நாற்காலியில் அண்ணன், சலவைச் சட்டையில். என் பக்கம் திரும்பவே இல்லை.

தண்ணீர் குடித்தேன். "அண்ணன் சொல்லல. 41-ல சொன்னாங்க. நான் 14-ஐத் திறந்தேன்."

குறிப்பெடுப்பவர் பேனாவை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தார். "எழுதவா சார்?"

"எழுதுங்க," என்றேன் நான்.

மூன்று திரைகளைப் பற்றியும் சொன்னேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றார்கள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வீட்டுக்காரர் பேசவில்லை.

ஜூன் 12, வெள்ளி

உத்தரவு வந்தது. அண்ணனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். என் வேலை போய்விட்டது. 'தனிநபர் கவனக்குறைவு.' மூன்று பகுதிகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஜூன் 27, சனி

கடையில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து நின்றாள். நெட்டையின் மனைவி. விலாசம் அண்ணன் ஆள் மூலம் கொடுத்தனுப்பினாராம். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை.

"நீங்கதானா?"

"நான்தான்."

"உங்கள மன்னிக்க வரல."

"தெரியும்."

"மேஸ்திரி பொய் சொன்னாருன்னு நம்பி, அவரு வாசல்லயே போய் நின்னு சாபம் விட்டுட்டு வந்தேன். புள்ளைங்களயும் சேர்த்து. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவேன்? நீங்க அந்த வாசலுக்கு வந்து, அவரு பொய் சொல்லலன்னு எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. காகிதம் வேணாம். வாயால சொல்லுங்க."

பின்னால் தையல் மெஷின் நின்றது. வீட்டுக்காரர் எழுந்து சாவியை எடுத்தார். கடையைப் பூட்டினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் முழுதாக ஒரு வார்த்தை பேசினார்: "செருப்ப மாட்டு."

இதை ஊருக்குப் போகும் ரயிலில் எழுதுகிறேன். எதிரே அவள், கண்ணை மூடாமல். இருபது நிமிடமாக நடுவழியில் நிற்கிறோம். ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் அவளிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.